வலையமைப்பு ஆய்வுகூடத்துக்கு ஒரு பழைய கணினி காணும்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். உயர்தர ஐ.சி.ரி. பாடத்தின் வலையமைப்பு அலகை எங்கள் பிள்ளைகளில் பலர் கரும்பலகையில் தொடங்கிக் கரும்பலகையிலேயே முடிக்கிறார்கள். வலையமைப்பின் அளவு /25 என்றால் எத்தனை கணினிக்கு முகவரி கொடுக்கலாம் என்று கேட்டால், யோசியாமல் 126 என்று சொல்லும் பிள்ளை, முகவரி கிடைக்காமல் நிற்கும் ஒரு கணினிக்கு முன்னால் இருத்தினால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழிக்கிறது. பிள்ளையில் பிழை இல்லை. ஆய்வுகூடத்து ரவுட்டரில் கைவைக்க யாரும் விடமாட்டார்கள். விட்டால் பக்கத்து வகுப்புக்கு இணையம் நின்றுவிடும். இதற்கென்று நாலைந்து கணினிகளை ஒதுக்கிவைக்கப் பெரும்பாலான பாடசாலைகளுக்கு வசதி இல்லை.

ஆனால் ஒரேயொரு பழைய கணினிக்குள் ஐந்தாறு லினக்ஸ் கணினிகளைத் தனித்தனி முகவரியோடு ஓடவிட்டு, அவற்றுக்கு நடுவே உண்மையான வலையமைப்பைக் கட்டலாம். மென்பொருளுக்குக் காசு இல்லை. யாழ்ப்பாணத்து ஐ.சி.ரி. ஆசிரியர்களும் ரியூட்டரி நடத்துவோரும் இந்த வழியைக் கையிலெடுக்க வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறேன். செய்முறையையும் வழக்கமாக இடறும் இடங்களையும் விரிவாகத் தருகிறேன். நீளம் கருதி வெட்டிவிடாமல் இடம் தருவீர்களென நம்புகிறேன்.

இதன் பெயர் சிஸ்டம் கொள்கலன். வேர்ச்சுவல்பொக்ஸ் போன்றவை ஒரு முழுக் கணினியையே மென்பொருளால் உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் தனிக் கேர்ணலை (இயங்குதளத்தின் உட்கருவை) ஏற்றுகின்றன. ஒன்றுக்கு 1 ஜிபி றாம் ஒதுக்கினால் 8 ஜிபி கணினி நாலைந்தோடு மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். கொள்கலன்கள் அனைத்தும் தாய்க்கணினியின் ஒரே கேர்ணலைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. தனி வலையமைப்பு, தனிப் பயனர்கள், தனிச் செயல்முறைகள் என்று ஒவ்வொன்றையும் பிரித்துவைப்பது நேம்ஸ்பேஸ் என்ற கேர்ணல் வசதி. எது எவ்வளவு றாம் எடுக்கலாம் என்று மட்டுப்படுத்துவது சிகுரூப். சும்மா நிற்கும் ஒரு டெபியன் கொள்கலன் 100 எம்பி றாம்கூட எடுக்காது. வேர்ச்சுவலைசேஷன் வசதி இல்லாத பழைய புரோசசரிலும் ஓடும். டொக்கரோடு இதைக் குழப்பக்கூடாது. டொக்கர் பொதுவாக ஒரு செயலியை மட்டும் பெட்டியில் அடைக்கிறது. இங்கே சிஸ்டம்டி (சேவைகளை எழுப்பி நடத்தும் முதல் செயல்முறை) தொடக்கம் முழு லினக்ஸும் எழும்புகிறது. அதனால் ஒரு சேவையைத் தொடக்குவது, நிற்பாட்டுவது, அதன் பதிவுகளைப் பார்ப்பது எல்லாமே உண்மையான சேவரில் செய்வது போலவே இருக்கும்.

மென்பொருளில் என் தெரிவு இன்கஸ். கனொனிக்கல் நிறுவனம் 2014இல் அறிவித்த எல்எக்ஸ்டி என்ற மென்பொருள் பல ஆண்டுகள் லினக்ஸ் கன்டெய்னர்ஸ் திட்டத்தின் கீழ் இருந்தது. 2023 ஜூலையில் அந்த நிறுவனம் அதைத் தன் தனிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே அதிலிருந்து பிரிந்து சமூகத் திட்டமாக வந்ததுதான் இன்கஸ். அதன் 6.0 பதிப்பு 2024 ஏப்ரலில் வந்தது. 2029 வரை ஆதரவு உண்டு. இந்த வரலாறு ஏன் தேவை என்றால், இணையத்தில் கிடைக்கும் பல குறிப்புகள் பழையவை. ‘எல்எக்ஸ்சி லோஞ்ச்’ என்று அவற்றில் இருக்கும் இடத்தில் ‘இன்கஸ் லோஞ்ச்’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரிவரும். நடுவில் கோடு போட்டு ‘எல்எக்ஸ்சி-கிரியேட்’ என்று வருவது வேறு, இன்னும் பழைய கருவி. அந்தக் குறிப்பை விட்டுவிடுங்கள்.

டெபியன் 13, உபுண்டு 24.04 இரண்டின் மென்பொருள் களஞ்சியத்திலும் இன்கஸ் இருக்கிறது. 4 ஜிபி றாம் இருந்தாலே தொடங்கலாம்; 8 ஜிபி இருந்தால் தாராளம். வன்தட்டுக்குப் பதிலாக ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரியும். கீழே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன். விசைப்பலகையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். கொள்கலன் பெயர்களில் எழுத்து, இலக்கம், நடுக்கோடு மட்டுமே வரலாம். இலக்கத்தில் தொடங்கினாலும் அடிக்கோடு போட்டாலும் ஏற்காது.

முதலில்:

சுடோ அப்ட் இன்ஸ்டோல் இன்கஸ் பிடிஆர்எஃப்எஸ்-புரொக்ஸ்

பிறகு ‘சுடோ அட்யூசர்’ கட்டளையால் ஆசிரியரின் பயனர் பெயரை ‘இன்கஸ்-அட்மின்’ குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்த உடனே ‘அனுமதி இல்லை’ என்ற செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் குழு உரிமை பிடிக்கும். மாணவர்களை மட்டும் இந்தக் குழுவில் சேர்க்கக் கூடாது. இன்கஸ்-அட்மினில் இருப்பவர் தாய்க்கணினியில் முழு உரிமையுள்ள ரூட் பயனருக்குச் சமம்.

அடுத்து ‘இன்கஸ் அட்மின் இனிட்’. அது கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கும். கிளஸ்டர் (பல கணினிகளை ஒன்றாக இணைப்பது) வேண்டாம். சேமிப்பிடத்துக்கு பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைக் கொடுங்கள். மேலே நிறுவச் சொன்ன இரண்டாவது மென்பொருள் பொதியைப் போடாவிட்டால் அந்தத் தெரிவே காட்டாது. ‘டிர்’ என்பதை எடுக்க நேரிடும். டிர் முறையில் ஒவ்வொரு நகலும் முழுக் கோப்புகளையும் திரும்ப எழுதும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் நகல் கண் இமைக்கும் நேரத்தில் முடியும். அளவு கேட்டால் 20 ஜிபி போதுமானது. வலையமைப்புப் பாலத்துக்கு (கொள்கலன்களை இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்) ‘இன்கஸ்பிஆர்0’ என்ற பெயரையே விடுங்கள். ஐபிவி4க்கு ‘ஓட்டோ’, ஐபிவி6க்கு ‘நன்’. கடைசிப் பக்கமாக, பழைய இமேஜ்களை (கொள்கலன் செய்ய இறக்கிய ஆயத்தப் பிரதிகளை) தானாகப் புதுப்பிக்கவா என்று கேட்கும். டேட்டா பொதியில் ஓடும் பாடசாலைகள் இங்கே கட்டாயம் ‘நோ’ சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புதிய இமேஜ் இருக்கிறதா என்று பார்த்து இறக்கும். டேட்டா போன வழி தெரியாது.

இனி அச்சு ஒன்று செய்ய வேண்டும். எல்லாக் கொள்கலன்களையும் அந்த அச்சிலிருந்தே எடுப்போம்.

இன்கஸ் லோஞ்ச் இமேஜஸ்:டெபியன்/13 அச்சு
இன்கஸ் எக்ஸெக் அச்சு -- பாஷ்

நடுவில் வரும் இரட்டைக் கோடு முக்கியம். அதற்குப் பின்னால் இருப்பது இன்கஸுக்கான சொல் இல்லை, உள்ளே ஓட வேண்டிய கட்டளை என்று அது பிரித்துக் காட்டுகிறது. உள்ளே போனதும் ஐபியூட்டில்ஸ்-பிங் (இணைப்பைச் சோதிப்பது), டிசிபிடம்ப் (போய்வரும் தரவைக் காட்டுவது), என்எஃப்டேபிள்ஸ் (முகவரி மாற்றம் செய்வது) மூன்றையும் நிறுவுங்கள். வெளியேறுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று, பலருக்குத் தெரியாதது:

ட்ரங்கேட் -எஸ் 0 /இடிசி/மெஷின்-ஐடி

அந்தக் கோப்பில் இருப்பது கணினியின் தனி அடையாளம். சிஸ்டம்டி-நெட்வேர்க்டி முகவரி கேட்கும்போது பொதுவாக ஈதர்நெட் முகவரியை அல்ல, இந்த அடையாளத்திலிருந்து செய்த இலக்கத்தையே, முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் டி.எச்.சி.பி. சேவரிடம் காட்டுகிறது. அச்சை அப்படியே நகலெடுத்தால் எல்லா நகலும் ஒரே அடையாளத்தோடு வரும். சேவர் இரண்டு கணினிக்கு ஒரே ஐ.பி.யைத் தூக்கிக் கொடுக்கக்கூடும். பிறகு பிங் ஒருநேரம் போகும், ஒருநேரம் போகாது. இதைக் கண்டுபிடிக்க அரைநாள் போய்விடும். கோப்பை வெறுமையாக்கிவிட்டால் ஒவ்வொரு நகலும் முதல்முறை எழும்பும்போது தனக்கென்று புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும்.

பிறகு ‘இன்கஸ் ஸ்டொப் அச்சு’. இப்போது உள் வலையமைப்பு:

இன்கஸ் நெட்வேர்க் கிரியேட் உள்0 ஐபிவி4.அட்ரஸ்=நன் ஐபிவி6.அட்ரஸ்=நன்

நன் என்று கொடுப்பதால் இந்தப் பாலத்தில் இன்கஸ் தன் டி.எச்.சி.பி.யை ஓடவிடாது. முகவரி கொடுக்க இங்கே யாருமே இல்லை. பிள்ளைகள்தான் அந்தச் சேவையைக் கட்டப்போகிறார்கள். இன்கஸ்பிஆர்0இல் எல்லாம் தானாக நடந்துவிடுகிறது, அதில் படிக்க ஒன்றும் இல்லை.

இன்கஸ் கொப்பி அச்சு வாசல்
இன்கஸ் கொப்பி அச்சு கடை
இன்கஸ் கொப்பி அச்சு பிள்ளை
இன்கஸ் நெட்வேர்க் அட்டாச் உள்0 வாசல் ஈத்1 ஈத்1
இன்கஸ் நெட்வேர்க் அட்டாச் உள்0 கடை ஈத்0 ஈத்0
இன்கஸ் நெட்வேர்க் அட்டாச் உள்0 பிள்ளை ஈத்0 ஈத்0

வாசலுக்கு இரண்டு கால்: ஈத்0 வெளியே, ஈத்1 உள்ளே. அதுதான் எங்கள் ரவுட்டர். கடை வெப் சேவராகும். பிள்ளை பாவனையாளர் கணினி. மூன்றையும் ‘இன்கஸ் ஸ்டார்ட்’ என்று எழுப்பி ‘இன்கஸ் லிஸ்ட்’ அடித்தால், வாசலுக்கு மட்டும் 10இல் தொடங்கும் ஒரு முகவரி தெரியும்; மற்ற இரண்டுக்கும் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுங்கட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

வாசலுக்குள் நுழைந்து /இடிசி/சிஸ்டம்டி/நெட்வேர்க் அடைவில் ‘ஈத்1.நெட்வேர்க்’ என்ற கோப்பை எழுதுங்கள். மட்ச் பகுதியில் ‘நேம்=ஈத்1’, நெட்வேர்க் பகுதியில் ‘அட்ரஸ்=192.168.50.1/24’. பாடசாலை ரவுட்டரே 192.168.50 வரிசையைப் பாவித்தால் இங்கே வேறு இலக்கம் எடுக்க வேண்டும். பிறகு வலையமைப்புப் பொதிகளை (தரவுத் துண்டுகளை) ஒரு காலிலிருந்து மற்றதுக்குக் கடத்தும் அனுமதி: ‘நெட்.ஐபிவி4.ஐபி_ஃபோர்வேர்ட்=1’ என்ற வரியை /இடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில், ‘.கொன்ஃப்’ என்று முடியும் ஒரு கோப்பில் வையுங்கள். பழைய குறிப்புகள் /இடிசி/சிஸ்சிடிஎல்.கொன்ஃப் கோப்பில் எழுதச் சொல்லும். டெபியன் 13இல் கணினி எழும்பும்போது அந்தக் கோப்பை வாசிப்பதில்லை; இன்றைக்கு வேலை செய்த ரவுட்டர் நாளைக்கு வேலை செய்யாது.

உள்ளே இருப்பவற்றின் முகவரியை வெளியே போகும்போது வாசலின் முகவரியாக மாற்றும் ‘நாட்’ வேலைக்கு என்எஃப்டேபிள்ஸ். /இடிசி/என்எஃப்டேபிள்ஸ்.கொன்ஃப் கோப்பில் ஐபி வகை நாட் அட்டவணை ஒன்று, அதில் ‘டைப் நாட் ஹூக் போஸ்ட்ரவுட்டிங் பிரையோரிட்டி 100’ என்ற சங்கிலி, அதற்குள் ‘ஓஐஎஃப்நேம் ஈத்0 மாஸ்கரேட்’ என்ற ஒரே வரி. சேவையை எனேபிள் பண்ணிவிடுங்கள். கொள்கலனுக்குள்ளிருந்து ‘மொட்புரோப்’ கட்டளையால் கேர்ணல் மொடியூல் எதையும் ஏற்ற முடியாது, கேர்ணல் தாய்க்கணினியுடையது. ஆனால் இன்கஸ்பிஆர்0 ஏற்கெனவே நாட் செய்வதால் தேவையான மொடியூல்கள் ஏறியே இருக்கும்.

கடைசியாக, முகவரியும் பெயர்விவரமும் கொடுக்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள் பொதி. அதன் அமைப்புக் கோப்பில் மூன்று வரி: ‘இன்டர்ஃபேஸ்=ஈத்1’, ‘பைண்ட்-டைனமிக்’, ‘டிஎச்சிபி-ரேஞ்ச்=192.168.50.100,192.168.50.150,12எச்’. நடு வரியை விட்டால், பெயர்களை முகவரியாக்கும் சேவைக்குரிய 53ஆம் போர்ட் முழுவதையும் அது பிடிக்கப் பார்க்கும். அதே போர்ட்டில் சிஸ்டம்டி-ரிசோல்வ்டி இருந்தால் ‘முகவரி ஏற்கெனவே பாவனையில்’ என்று சொல்லி நின்றுவிடும். நிறுவும்போதே இந்தப் பிழை காட்டினால், மூன்று வரியையும் எழுதிவிட்டுச் சேவையை மீண்டும் தொடக்கினால் காணும்.

இப்போது வகுப்பில் எல்லாரும் திரையைப் பார்க்க வேண்டிய கட்டம். வாசலில் இதை ஓடவிடுங்கள்:

டிசிபிடம்ப் -விஎன்ஐ ஈத்1 போர்ட் 67 ஓர் போர்ட் 68

இன்னொரு ஜன்னலில் ‘இன்கஸ் ரீஸ்டார்ட் பிள்ளை’. சில நொடியில் வாசலின் திரையில் வரிசையாக டிஸ்கவர், ஓஃபர், ரிக்வெஸ்ட், ஏசிகே நான்கும் விழும். முதலாவதில் அனுப்புநர் முகவரி 0.0.0.0, பெறுநர் 255.255.255.255, தனக்குப் பெயரும் இல்லை, யாரிடம் கேட்பது என்றும் தெரியாத கணினி எல்லாரையும் பார்த்துக் கூப்பிடுகிறது. இரண்டாவதில் 192.168.50.1 பதில் சொல்கிறது. பரீட்சைக்கு மனனம் பண்ணிய நான்கு சொல்லும் எதிரே ஓடுவதைப் பார்த்த பிள்ளை பிறகு அவற்றை வரிசை மாற்றி எழுதாது. ரீஸ்டார்ட் பண்ணாமல் ‘நெட்வேர்க்சிடிஎல் ரினியூ ஈத்0’ என்று மட்டும் கொடுத்தால் கடைசி இரண்டுதான் வரும். கையில் உள்ள முகவரியைப் புதுப்பிப்பதற்கு முழுச் சடங்கும் தேவையில்லை. இதையும் கேள்வியாகக் கேட்கலாம்.

கடைக்குள் ‘அப்ட் இன்ஸ்டோல் என்ஜின்எக்ஸ்’ ஓடினால் வாசல் ரவுட்டராக வேலை செய்கிறது என்று அர்த்தம். தனிச் சோதனை தேவையில்லை. பிள்ளையிலிருந்து கடையை அதன் முகவரியால் பிங் பண்ணலாம். வகுப்பின் மற்றக் கணினிகளிலிருந்து கடையின் பக்கத்தைப் பார்க்க:

இன்கஸ் கொன்ஃபிக் டிவைஸ் அட் கடை வெப் புரொக்சி லிஸன்=டிசிபி:0.0.0.0:8080 கனெக்ட்=டிசிபி:127.0.0.1:80

தாய்க்கணினியின் முகவரியோடு 8080 போட்டால் பக்கம் வரும். கடையின் பதிவுகளில் எல்லாரும் 127.0.0.1 என்றே தெரிவார்கள். அது பிழை இல்லை, புரொக்சி உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறது. 4ஜி இணைப்பில் பொதுவாகத் தனிப் பொது முகவரி கிடைக்காது. ஆகவே இதை வீட்டிலிருந்து திறக்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இனி, வழக்கமான கோளாறுகள். வாசலுக்கே முகவரி வரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தாய்க்கணினியின் தீச்சுவர். யூஎஃப்டபிள்யூ ஓடினால் அது டி.எச்.சி.பி. கேள்வியையே மறித்துவிடும். ‘யூஎஃப்டபிள்யூ அலவ் இன் ஒன் இன்கஸ்பிஆர்0’ என்று கொடுத்து, ‘யூஎஃப்டபிள்யூ ரவுட் அலவ்’ என்பதையும் இன், அவுட் இரண்டு பக்கத்துக்கும் கொடுங்கள். முகவரி வருகிறது, ஆனால் வெளியே போகவில்லை என்றால் அந்தக் கணினியில் டொக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். டொக்கர் தொடங்கும்போது ஃபோர்வேர்ட் சங்கிலியின் கொள்கையை ட்ரொப் என்று மாற்றிவிடுகிறது. இன்கஸின் விதிகள் சரியாக இருந்தாலும் பொதி அங்கே செத்துப்போகும். டொக்கர்-யூசர் சங்கிலியில் இன்கஸ்பிஆர்0க்கு அனுமதி எழுதலாம். என்னைக் கேட்டால், ஆய்வுகூடக் கணினியில் டொக்கரை வைக்காமல் விடுவதே நிம்மதி.

பிங் போகிறது, பெயரும் விரிகிறது, ஆனால் இணையப்பக்கமோ அப்ட்டோ பாதியில் தொங்குகிறது என்றால் எம்.ரி.யூ. (ஒரு பொதியின் உச்ச அளவு) பிரச்சினை. பாலம் 1500 பைட் பொதியை அனுப்புகிறது. 4ஜி அல்லது பிபிபிஓஇ இணைப்பு அதைவிடக் குறைந்ததையே ஏற்கிறது. சிறிய பிங் நுழைந்துவிடும், பெரிய பொதி நுழையாது. ‘இன்கஸ் நெட்வேர்க் செட் இன்கஸ்பிஆர்0 பிரிட்ஜ்.எம்டியூ 1400’ என்று குறைத்து, உள்0 பாலத்துக்கும் அதையே கொடுத்து, கொள்கலன்களை நிறுத்தி எழுப்புங்கள்.

வைஃபையில் இருக்கும் கணினியில் கொள்கலனுக்குப் பாடசாலை ரவுட்டரிடமிருந்து நேரே முகவரி எடுக்கப் பலர் முயல்கிறார்கள். அது சரிவராது. வைஃபை ரவுட்டர் தன்னோடு இணைந்த ஒரே ஒரு மெக் (ஈதர்நெட்) முகவரியிலிருந்து வரும் பொதியைத்தான் ஏற்கும். கொள்கலனின் மெக் வேறு. கொள்கலனுக்குத் தனி மெக் கொடுத்து நேரே இணைக்கும் மக்விலான் முறையும் அதே காரணத்தால் அங்கே தோற்கும். மேலே சொன்ன நாட் முறை வைஃபையிலும் ஓடும். கேபிள் இருந்து மக்விலான் பாவித்தாலும், தாய்க்கணினியும் கொள்கலனும் ஒன்றையொன்று காணாது என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லாம் ஓடும் நிலையில் ஒவ்வொன்றுக்கும் ‘இன்கஸ் ஸ்னப்ஷொட் கிரியேட் வாசல் நல்லது’ என்று படம் எடுத்து வைத்துவிட்டு, வேண்டுமென்றே குழப்பிக் கொடுங்கள். ‘பிள்ளை’ கொள்கலனுக்குக் கையால் 192.168.50.200/25 என்று முகவரி போட்டுவிட்டு, கடையின் முகவரி .128க்குக் கீழே இருந்தால் அதைப் பிங் பண்ணச் சொல்லுங்கள். ‘நெட்வேர்க் எட்ட முடியவில்லை’ என்று வரும். /25இல் அதன் எல்லை 128 தொடக்கம் 255 வரை. கடையும் வெளியே, வாசலின் .1உம் வெளியே. 126 என்று மனனம் பண்ணிய கணக்கு இங்கேதான் கைக்கு வருகிறது. முடிந்ததும் ‘இன்கஸ் ஸ்னப்ஷொட் ரிஸ்டோர் பிள்ளை நல்லது’. அடுத்த குழு வரலாம்.

‘செக்யூரிட்டி.பிரிவிலெஜ்ட்=ட்ரூ’ என்று போட்டால் எல்லாம் சரியாகும் என்று இணையத்தில் யாராவது சொல்லியிருந்தால் கேட்காதீர்கள். சாதாரணமாகக் கொள்கலனுக்குள் ரூட் என்பவர் வெளியே உரிமை எதுவும் இல்லாத ஒரு பெரிய இலக்கப் பயனர்தான். அந்தப் பாதுகாப்பை அந்த ஒரு வரி கழற்றிவிடும். மேலே சொன்னதில் எதற்கும் அது தேவையில்லை. மின்சாரம் திடீரென நின்றால், ஓடிக்கொண்டிருந்த கொள்கலன்கள் கணினி எழும்பியதும் தாமாகவே எழும்பும். என்றாலும் இந்தக் கணினியை ஒரு யூ.பி.எஸ்.ஸில் போடுங்கள்.

தீவகப் பாடசாலைகளைப் போல இணையம் மெல்லியதாக உள்ள இடங்களில் டெபியன் இமேஜை மீண்டும் இறக்கத் தேவையில்லை. ஒரு பாடசாலை அச்சைச் செய்துவிட்டால் ‘இன்கஸ் எக்ஸ்போர்ட் அச்சு அச்சு.டார்.ஜீஸெட்’ என்று ஒரே கோப்பாக்கிப் பென் ட்ரைவில் கொடுத்துவிடலாம். அங்கே ‘இன்கஸ் இம்போர்ட் அச்சு.டார்.ஜீஸெட்’ அடித்தால் காணும். ‘ஒப்டிமைஸ்ட்-ஸ்டோரேஜ்’ என்ற தெரிவை மட்டும் சேர்க்காதீர்கள், சேர்த்தால் அங்கேயும் பிடிஆர்எஃப்எஸ் இருந்தால்தான் திறக்கும். இன்கஸ் பொதிகளையும் கூடவே கொடுக்க வேண்டுமானால், டெபியனின் முழு நிறுவல் வட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், எந்தப் பொதி அதில் இல்லையோ அதை முன்கூட்டியே இறக்கி அதே பென் ட்ரைவில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி வலையமைப்புப் பயிற்றுநர் ஒருவர்,
கொக்குவில்.